டிரம்மின் அடியில் படிந்தது

நோட்டின் முப்பத்து நான்காம் பக்கத்தில், மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும் ஒரே இழுப்பில் ஒரு சிவப்புக் கோடு. அதன் மேல், சாய்ந்த எழுத்தில், "நம்பத் தகுந்ததல்ல" என்று எழுதியிருந்தது. கீழே பிரிவுத் தலைவரின் கையெழுத்து.

ஸ்கேல் அக்கா அதை இரண்டு முறை படித்தாள். நோட்டை மூடினாள். வெள்ளரி நாற்றுகள் வரிசையாக நின்ற மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் குழாய் மாட்டிக்கொண்டிருந்த பம்ப் அண்ணன், "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆத்திரம்தான் பற்றி எரிந்தது.

பின்னே எரியாதா? அந்த வேளாண் ஆய்வுப் பண்ணையின் நாற்றுக்கூடத்தில் அவள் பதினோரு வருஷமாகச் செய்துவருவது ஒரே வேலை: அளப்பது. காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறி இலைகள் துவள்வதற்கு முன்னால், ஒவ்வொரு நாற்றின் உயரத்தையும் ஸ்கேலால் அளப்பாள். தண்டின் பருமனை வெர்னியரால் அளப்பாள். இலைகளை எண்ணுவாள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்து, மூன்றும் ஒத்து வந்த பிறகுதான் பேனா நோட்டைத் தொடும். அவளைவிடப் பத்து வயது பெரியவரான பம்ப் அண்ணன்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா வீட்டுக்காரருக்குச் சட்டை தைக்க டேப்பே வேண்டாம், கண்ணாலயே மில்லிமீட்டர் சொல்லிடும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. நோட்டில் எண்ணைத் தவிர ஒன்றும் எழுதமாட்டாள். நாற்று வாடியிருந்தது, கூரையில் ஓட்டை, தண்ணீர் வரவில்லை என்ற கதையெல்லாம் வாயோடு சரி. "நோட்டு நம்பருக்கு, கதை வாய்க்கு" என்பாள். அந்த வழக்கம்தான் கடைசியில் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

விஷயம் சிலிக்கான் உரம் பற்றியது. தேங்காய் நார்த்தூளில் வளர்க்கிற நாற்றுகள் பார்க்கத் தளதளவென்று இருக்கும், வயலில் நட்டால் ஒரு காற்றுக்குத் தாங்காது. மண்ணில் சிலிக்கான் மலையாகக் கிடக்கிறது. மணல் என்பதே அதுதானே. நார்த்தூளில் அது இல்லாத குறைதான். கரைசலாக்கி வேருக்குக் கொடுத்தால் செடி குடித்து, தண்டிலும் இலைத்தோலிலும் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொள்ளும். முதலில் எண்பது நாற்றுகளில் சோதித்துப் பார்த்தார்கள். கரைசலைக் கலந்தது ஸ்கேல் அக்கா. அளந்ததும் அவளே. சிலிக்கான் குடித்த நாற்றின் தண்டு அரை மில்லிமீட்டர் கூடுதல் பருமன். இலை தொங்காமல் விரிந்து நின்றது, தொட்டால் பூனை நாக்கு மாதிரிச் சொரசொரத்தது. அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம், சொந்தப் பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி.

நல்ல முடிவு வந்தால் அதற்குச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்களே. பிரிவுத் தலைவர் வந்தார். அவருக்கு முதுகுக்குப் பின்னால் போட்டோ சார் என்று பெயர். பண்ணையில் ஒரு பூசணிப் பூ பூத்தாலும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். அறுநூறு நாற்றுகளில் பெரிய சோதனை, விவசாயிகளுக்குத் துண்டுப்பிரசுரம், மேலிடத்திலிருந்து மதிப்பாய்வு என்று அவரே அறிவித்தார். கரைசல் கலக்கிற நாளில் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து நின்றார். கூடவே பண்ணையின் செய்திமடலுக்குப் படம் எடுக்கிறவர்.

இந்தக் கரைசலைக் கலப்பதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் டிரம்மில் தண்ணீர் நிறைய வேண்டும். அதில் சிலிக்கானை நூல் மாதிரி ஊற்றிக் கலக்க வேண்டும். அது காரத்தன்மை உள்ளது, ஆகவே அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சமன்செய்ய வேண்டும். மற்ற சத்துகள் அதற்குப் பிறகு. எல்லாவற்றுக்கும் கடைசியில் கால்சியம், அதுவும் தனி வாளியில் நீர்க்கக் கரைத்து. சிலிக்கானும் கால்சியமும் கெட்டியாக நேருக்கு நேர் சந்தித்தால் திரிந்து வெள்ளைக் குழம்பாகி அடியில் உட்கார்ந்துவிடும். அப்புறம் இதுவும் செடிக்குப் போகாது, அதுவும் போகாது.

போட்டோ சாருக்கு அவ்வளவு பொறுமை ஏது? டிரம்மில் கால்வாசித் தண்ணீர்தான் ஏறியிருந்தது. ஒரு கையில் சிலிக்கான் கேன், இன்னொரு கையில் கால்சியம் கேன் என்று இரண்டையும் தூக்கி ஒரே நேரத்தில் சாய்த்தார். ஸ்கேல் அக்காவுக்குப் பதறிவிட்டது. இரண்டையும் சேர்த்து ஊற்றக் கூடாது, தண்ணீர் நிறையட்டும் என்று சொல்லிக்கொண்டே கிட்டே போனாள்.

"நீங்க அளக்குற வேலைய மட்டும் பாருங்கம்மா," என்றார் அவர், காமிராவைப் பார்த்துச் சிரித்தபடியே.

டிரம்முக்குள் வெள்ளையாகப் பொங்கியது. பால் மாதிரி அழகாக இருக்கிறது, அப்படியே நில்லுங்கள் என்றார் படம் எடுத்தவர். சார் அப்படியே நின்றார். எல்லாரும் போன பிறகு ஸ்கேல் அக்கா நோட்டைத் திறந்தாள். பேனாவை எடுத்தாள். எழுத எண் ஒன்றும் இல்லை. மூடி வைத்துவிட்டாள். அன்றைக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அதை நினைத்து இன்றைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள்.

அதே டிரம் தண்ணீர்தான் பதினைந்து நாள் பாதி நாற்றுகளுக்குப் போனது; மீதிப் பாதிக்குச் சிலிக்கான் இல்லாத வழக்கமான கரைசல். ஐந்தாம் நாளே தெரிந்துவிட்டது. சிலிக்கான் குடித்ததாகச் சொல்லப்பட்ட முந்நூறு நாற்றுகளும் குடிக்காத முந்நூறைவிடக் குள்ளமாக நின்றன. புது இலைகள் கவிழ்ந்த கிண்ணம் மாதிரி வளைந்தன. பத்தாம் நாள் ஓரங்கள் பழுப்பேறின. கால்சியம் கிடைக்காத வெள்ளரி அப்படித்தான் ஆகும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஸ்கேல் அக்காவுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்கேல் என்ன சொன்னதோ அதைத்தான் எழுதினாள். ஒரு நாற்றுக்குக்கூட அரை மில்லிமீட்டர் தர்மம் போடவில்லை.

மதிப்பாய்வுக்கு நாலு நாள் இருக்கும்போது போட்டோ சார் நோட்டை வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்தது. எடுத்துப் போனவர் மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது சிவப்புக் கோடு விழுந்திருந்தது. நோட்டுக்குள் ஒரு கடிதமும் இருந்தது. உதவியாளர் நாற்றுகளைச் சரியாக அளக்கவில்லை, தண்ணீரையும் சீராக விடவில்லை, அதனால் சோதனை பாழாகிவிட்டது; இதை உதவியாளரே ஒப்புக்கொள்கிறார் என்று தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தையே கையெழுத்துப் போடச் சொன்னார்கள்!

கடிதத்தோடு போய் அவர் அறைக்கதவைத் தட்டினாள். அவர் தலை நிமிரவில்லை. கையெழுத்துப் போட்டால் ஒரு எச்சரிக்கையோடு போய்விடும், போடாவிட்டால் அடுத்த வருஷ ஒப்பந்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். அப்புறம், போகிற போக்கில், மதிப்பாய்வுக்கு முன்னால் அந்த டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துவிடச் சொன்னார்.

வேலை போகுமோ என்ற பயம் அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக நெஞ்சில் நின்றது அந்தக் கோடுதான். முப்பத்து நான்காம் பக்கம் நம்பத் தகாதது என்றால், முப்பத்து மூன்றாம் பக்கம் மட்டும் எப்படி நிஜம்? பதினோரு வருஷமும் பொய்யா? பனியில் விறைத்த விரலோடு, குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போக, காய்ச்சலோடு வந்து அளந்த நாட்களெல்லாம் பொய்யா? வாயில் வந்ததையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே டிரம்மைக் கழுவப் போனாள்.

தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே குனிந்து பார்த்தால், அடியில் விரல் கனத்துக்கு வெள்ளைப் பொருக்கு. பக்கவாட்டிலும் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. நாரால் தேய்த்தாள், போகவில்லை. கம்பி நாரால் தேய்த்தாள். மேலே கொஞ்சம் மாவாக உதிர்ந்தது, ஒட்டியிருந்தது அசையவில்லை. அமிலத்தை ஊற்றி ஊறவைத்தாள். கொஞ்சம் நுரைத்ததோடு சரி. பாதி உடம்பு டிரம்முக்குள், பாதி வெளியே என்று தொங்கிக்கொண்டு அரை மணி நேரம் தேய்த்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

பம்ப் அண்ணன் பயந்துபோய், அக்காவுக்கு மூச்சு முட்டிவிட்டதோ என்று ஓடி வந்தார். அவள் தலையை வெளியே எடுத்தாள். முகமெல்லாம் வெள்ளை.

"அண்ணே, முந்நூறு செடிக்குப் போக வேண்டியது பூரா இங்க ஒக்காந்திருக்கு. இதையா என்னைக் கழுவச் சொன்னாரு?"

கழுவவில்லை. ஒரு சில்லைப் பெயர்த்துத் தாளில் மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் வீட்டுக்காரர் கண்ணாடி வெட்டுகிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, படங்களுக்குச் சட்டம் என்று எல்லாம் செய்வார். கோபமே வராத மனுஷர். அவள் கடிதத்தை மேசையில் போட்டு நடந்ததையெல்லாம் சொல்லி முடித்ததும், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பெரிய இடத்தோடு மோதி என்ன ஆகப்போகிறது, ஒரு கையெழுத்துத்தானே, போட்டுத் தொலைத்துவிட்டு வேலையைப் பார் என்றார்.

அவளுக்கு வந்ததே ஆத்திரம். வெளியாள் சொன்னதைவிட இதுதான் அதிகமாகச் சுட்டது.

"நீங்க வெட்டின கண்ணாடி கோணல்னு ஒருத்தன் எழுதிக் குடுத்தா, கையெழுத்துப் போடுவீங்களா?"

அவர் கையிலிருந்த வைர ஊசியைக் கீழே வைத்தார். வெட்டி அடுக்கியிருந்த கண்ணாடிகளைப் பார்த்தார்.

"போட மாட்டேன்," என்றார்.

பிறகு அவராகவே அந்தச் சில்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். இது நம்ம ஆளு, கண்ணாடிக்குப் பங்காளி, கண்ணாடியும் மணல்தானே என்றார். சில ஊர்த் தண்ணீரில் கழுவிய ஜன்னலில் இப்படி ஒரு வெள்ளை பிடிக்கும், ஆசிட்டைக் கொண்டுவந்து கொட்டினாலும் விடாது, கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும் என்றார். சில்லைத் திரும்ப மடித்துக்கொடுக்கும்போது அவருக்கு என்னவோ ஞாபகம் வந்தது. சிரிப்பும் வந்தது.

"ஏய், ரெண்டு கையிலயும் ரெண்டு கேனை வச்சுக்கிட்டு நிப்பாரே, அந்தப் படத்துக்கு நான்தானே சட்டம் போட்டேன். போன வாரம் ஆளனுப்பி வாங்கிட்டுப் போனாரு. எங்க மாட்டியிருக்காரோ!"

எங்கே மாட்டியிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். கடிதத்தோடு போய் நின்றபோது அதன் நேர் எதிரேதான் நின்றிருந்தாள். கோபத்தில் கண் அதில் நிற்கவில்லை.

மதிப்பாய்வு பிரிவுத் தலைவரின் அறையிலேயே நடந்தது. வந்தவர் ஒரு வயதான அம்மா, மண் ஆராய்ச்சியில் தலை நரைத்தவர். தோளில் துணிப்பை, காலில் சேறு ஒட்டிய செருப்பு. போட்டோ சார் வளைந்து நெளிந்து வரவேற்றார். சோதனை இந்தத் தடவை சரிவரவில்லை, அளந்த உதவியாளரின் கவனக்குறைவு, நடவடிக்கை எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவர் ஆரம்பிக்கும்போது, வெளியே வராந்தாவில் தடதடவென்று சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஸ்கேல் அக்காவும் பம்ப் அண்ணனும் நீல டிரம்மை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மெழுகித் துடைத்த தரை முழுக்க ஈரத்தடம்.

யாரைக் கேட்டு இதை உள்ளே கொண்டுவந்தீர்கள் என்று போட்டோ சார் எழுந்தேவிட்டார். ஸ்கேல் அக்கா அவர் பக்கமே திரும்பவில்லை. டிரம்மை நிமிர்த்தி, அந்த அம்மாவை உள்ளே பார்க்கச் சொன்னாள். கூடவே நோட்டை மேசையில் வைத்து முப்பத்து நான்காம் பக்கத்தைத் திறந்தாள். ஒரு தட்டு நாற்றையும் கொண்டுவந்திருந்தாள். அன்று காலை அளந்து அடுத்த பக்கத்தில் எழுதிய நாற்றுகள் அவை. அளந்தது பொய்யென்றால் இப்போதே அளந்து பாருங்கள் என்று ஸ்கேலையும் வெர்னியரையும் பக்கத்தில் வைத்தாள்.

அந்த அம்மா அவசரப்படவில்லை. பத்து நாற்றுகளைத் தானே பொறுக்கி அளந்தார். ஒவ்வொன்றுக்கும் நோட்டைப் பார்த்தார். பத்தும் ஒத்து வந்தன. பிறகு எழுந்து டிரம்முக்குள் கைவிட்டு நகத்தால் சுரண்டினார். கருகிய இலை ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணா விழுந்திருக்கு. யாரு கலந்தது?" என்றார்.

போட்டோ சார் ஸ்கேல் அக்காவின் பக்கம் விரலை நீட்டினார்.

"இந்தம்மாதான் கலந்தாங்க," என்றார் போட்டோ சார்.

அட பாவி மனுஷா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். பூசணிக்காயை அடுத்தவன் தலையில் கட்டி, நீதான் திருடினாய் என்று சொல்கிறவரை அன்றைக்குத்தான் பார்த்தாள்.   கையை நீட்டி, அவர் தலைக்கு மேலே சுவரைக் காட்டினாள்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவர் முதுகுக்குப் பின்னால், அவள் வீட்டுக்காரர் சட்டம் போட்ட கண்ணாடிக்குள், அவரே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். இடது கையில் சிலிக்கான், வலது கையில் கால்சியம், நடுவில் பால் மாதிரிப் பொங்குகிற டிரம். ஓரத்தில் கையை நீட்டித் தடுக்கப் பார்க்கிற ஸ்கேல் அக்காவின் பாதி உடம்பு. கீழே செய்திமடலில் வந்த வரியையும் விடாமல் அச்சடித்து ஒட்டியிருந்தார்: "சிலிக்கான் கரைசலைத் தம் கையாலேயே தயாரிக்கும் பிரிவுத் தலைவர்."

அந்த அம்மா எழுந்து கிட்டே போய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். அதன் கீழிருந்த தேதியையும் படித்தார். பம்ப் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். போட்டோ சார் உட்கார்ந்தார். அது வந்து, அன்றைக்கு அவசரத்தில், சும்மா ஒரு படத்துக்காக என்று என்னென்னவோ சொன்னார். ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை.

அந்த அம்மா அவரைப் பேசவிட்டுவிட்டு ஸ்கேல் அக்காவின் பக்கம் திரும்பினார். சோதனையை மறுபடியும் முதலிலிருந்து செய்யச் சொல்லப்போவதாகவும், கலப்பதை அவளிடமே விடச் சொல்லப்போவதாகவும் சொன்னார். அந்தக் கடிதத்தை வாங்கி நாலாகக் கிழித்தார். அப்புறம் கேட்டார்.

"வேற ஏதாவது வேணுமாம்மா உங்களுக்கு?"

வேணும். அதற்காகத்தான் டிரம்மை இவ்வளவு தூரம் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நோட்டைத் திருப்பி, போட்டோ சாரின் முன்னால் வைத்தாள். அவர் சட்டைப்பையில் செருகியிருந்த சிவப்புப் பேனாவை விரலால் சுட்டிக்காட்டினாள்.

"கோடு போட்ட அதே கையால எழுதுங்க சார். அளவு சரின்னு எழுதுங்க."

அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா திறந்தது. "அளவு சரி. கலப்பதில் சிறு தவறு ஏற்பட்டது" என்று எழுதிவிட்டு மூடப் போனார்.

"அது என்ன மழையா சார், தானா ஏற்படறதுக்கு? யாரு கலந்ததுன்னு எழுதுங்க."

எழுதினார். "கலந்தவர் பிரிவுத் தலைவர்" என்று, சிவப்பு மையில், எறும்பு மாதிரிச் சின்ன எழுத்தில். ஸ்கேல் அக்கா அதை மூன்று முறை படித்தாள். மூன்றும் ஒத்து வந்தது. பதினோரு வருஷத்தில் அவள் நோட்டில் எண் இல்லாமல் ஏறிய எழுத்துகள் இவ்வளவுதான். எல்லாமே அவர் கையெழுத்து.

மறு வாரம் புது டிரம் வந்தது. ஸ்கேல் அக்கா விளிம்பு வரைக்கும் தண்ணீரை நிறைத்தாள். சிலிக்கான் கேனைத் திறந்து நூல் மாதிரி ஊற்ற ஆரம்பித்தபோது, வாசலில் நிழல் தட்டியது. போட்டோ சார் நின்றிருந்தார். மேற்பார்வைக்கு வரச் சொல்லியிருந்தார்களாம். காமிராக்காரர் கூட வரவில்லை. அறைச் சுவரில் இப்போது ஆணி மட்டும்தான் இருக்கிறது என்று பம்ப் அண்ணன் காலையிலேயே சேதி கொண்டுவந்திருந்தார்.

அவர் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். பழக்க தோஷம், கை தானாகக் கால்சியம் கேன் பக்கம் போனது.

ஸ்கேல் அக்கா ஊற்றுவதை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

"பக்கத்துல நின்னு நல்லாப் பாருங்க சார். கைய மட்டும் பின்னாடி கட்டிக்கோங்க."

அவர் கட்டிக்கொண்டார்.